அரையர் ஸேவையில் பெண்மொழி

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பூலோக வைகுண்டம் எனப் போற்றப்பெறும் திருவரங்கம் பெரிய கோயிலில் மார்கழித் திங்களில் நிகழும் திருவத்யயனோத்ஸவத்தைச் சேவிக்க ஆண்டுதோறும் எண்ணிறந்த அடியார்கள் வந்து கூடுகின்றனர். அவர்களுள் பலர் வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் வழியே ஒருமுறை நுழைந்து, அதனாலேயே பிறவிப்பயன் பெற்றதாக மனநிறைவுற்று ஊர் திரும்பிவிடுகின்றனர். ஆயினும் இவ்வுத்ஸவத்தின் உயிர்நிலை வாசல் திறப்பில் மட்டும் அமைந்ததன்று. நம்பெருமாள் திருமுன்பே குல்லாயும் மாலையும் அணிந்து, கையில் தாளம் ஏந்தி நின்று, ஆழ்வார்களின் அருளிச்செயலை இசையாலும் அபிநயத்தாலும் அரையர் ஸ்வாமிகள் விண்ணப்பம் செய்கின்றார்களே, அதுவே இவ்வுத்ஸவத்தின் உயிர்.

அந்த ஸேவையை ஓரிரு நாழிகையேனும் நின்று சேவித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். அரையர் பலபோது தாயாகப் பேசுகிறார், மகளாக உருகுகிறார், குறி சொல்லும் கட்டுவிச்சியாகிறார். ஆனால் அரையர் கோஷ்டியில் பெண் ஒருத்தியும் இல்லை. 'பேசப்படுவது பெண்மொழி, பேசுவோர் ஆடவர். பெண்ணுக்கு இங்கே இடம் எது?' என்னும் வினா, மண்டபத்தின் ஓரத்தில் கைகூப்பி நிற்கும் பெண்டிர் பலர் உள்ளத்தில் எழுவது இயல்பே. இக்காலத்தில் படித்த இளம்பெண்கள் அதனை வாய்விட்டும் கேட்கின்றனர். கேட்பது குற்றமன்று, விடை தேடாமல் விடுவதே குற்றம். அவ்வினாவை ஸம்ப்ரதாய நூல்களின் ஒளியிலும் கோயில் வரலாற்றின் ஒளியிலும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

அரையர் ஸேவையின் தோற்றமும் அமைப்பும்

திருமங்கை மன்னன் காலத்தில், நம்மாழ்வாரின் திருவாய்மொழியை நம்பெருமாள் செவிசாய்த்துக் கேட்டருளுமாறு இவ்வுத்ஸவம் தொடங்கப்பெற்றது என்பது கோயிலொழுகு கூறும் செய்தி. பின்னர் அருளிச்செயல் மறைந்துபோக, காட்டுமன்னார்கோயில் எனும் வீரநாராயணபுரத்தில் அவதரித்த ஸ்ரீமந் நாதமுனிகள் அதனைத் தேடிப் பெற்று நாலாயிரமாக வகுத்தருளினார். அவர்தம் மருமக்களாகிய கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் தேவகானத்தில் இசையைப் பயிற்றுவித்தார். அவ்வழி வந்த மரபே அரையர் மரபு. 'விண்ணப்பம் செய்வார்' என்பதும் அவர்களுக்கு வழங்கும் பெயர். எம்பெருமானாருக்கு ஆசாரியர்களாக அமைந்த ஐவருள் ஒருவர் திருவரங்கப்பெருமாள் அரையர் என்பது இம்மரபின் பெருமைக்குப் போதிய சான்று.

பகல்பத்து 10 நாள், இராப்பத்து 10 நாள், இயற்பாவுக்கு ஒரு நாள் என உத்ஸவம் வகுக்கப்பட்டுள்ளது. பகல்பத்தில் அர்ஜுன மண்டபத்திலும், இராப்பத்தில் ஆயிரங்கால் மண்டபத்திலுள்ள திருமாமணி மண்டபத்திலும் நம்பெருமாள் எழுந்தருளியிருந்து செவிசாய்த்தருளுகிறார். பாசுரத்தை இசையோடு பாடுதல், அதன் பொருளைக் கைகளாலும் கண்களாலும் காட்டுதல், 'தம்பிரான்படி' என வழங்கும் பரம்பரை வ்யாக்யானத்தைச் சொல்லுதல் என்னும் மூன்றும் சேர்ந்ததே அரையர் ஸேவை. இதில் திரை இல்லை. முகத்தில் அரிதாரம் இல்லை. பக்கவாத்தியக் கூட்டம் இல்லை. கையிலுள்ள தாளம் ஒன்றே துணை. இன்று அபிநயத்தோடு இந்த ஸேவை நிகழும் தலங்கள் திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி ஆகியவை. மேலக்கோட்டையாகிய திருநாராயணபுரத்தில் இசை அளவில் வழங்குகிறது.

உத்ஸவத்தின் வாயிலே பெண்மொழி

உத்ஸவத்தின் தொடக்கத்தில் விண்ணப்பம் செய்யப்படுவது திருமங்கையாழ்வாரின் திருநெடுந்தாண்டகம். இதற்குக் காரணமாக ஒரு வரலாறு கூறுவர். மேல்நாட்டில் மாதவாசாரியர் என்னும் பெரும் வேதாந்தியை இத்திருநெடுந்தாண்டகத்தின் பொருளைக் கொண்டே பராசர பட்டர் வென்றார். மீண்டுவந்து அச்செய்தியை நம்பெருமாளிடம் விண்ணப்பம் செய்ய, பெருமாள் திருவுள்ளம் உகந்தருளினார். தோற்ற மாதவாசாரியரே பின்னர் நஞ்சீயராகித் தரிசனத்துக்குத் தூணானார்.

இத்திருநெடுந்தாண்டகத்தில் பாசுரங்கள் 30. முதல் 10 பாசுரங்களில் ஆழ்வார் தாமான தன்மையில் நின்று பேசுகிறார். 11 முதல் 20 வரை தாய் பேசுகிறாள். 21 முதல் 30 வரை மகள் பேசுகிறாள். அதாவது மூன்றில் இரண்டு பங்கு பெண்மொழி. வாதப் போரில் வென்ற நூல் என்று போற்றப்படும் நூல், தன் முடிவை ஒரு பெண்ணின் வாயில் வைத்திருக்கிறது. தத்துவம் பேசித் தொடங்கிய ஆழ்வார், அது போதாதென்று கண்டு, தாயின் கவலைக்கும் மகளின் ஆற்றாமைக்கும் இறங்கிவருகிறார். இதனை 'இறங்கினார்' என்பதினும் 'ஏறினார்' என்பதே பொருந்தும்.

இனி இராப்பத்தில் ஓதப்பெறும் திருவாய்மொழியை நோக்கினால், அதன் நூறு திருவாய்மொழிகளுள் 27 பெண்மொழியாக அமைந்தவை. மகள் பேச்சாக 17, தாய் பேச்சாக 7, தோழி பேச்சாக 3 என்று முன்னோர் கணக்கிட்டுள்ளனர். நம்மாழ்வார் அந்நிலையில் பராங்குச நாயகி எனவும், திருமங்கையாழ்வார் பரகால நாயகி எனவும் பெயர் பெறுகின்றனர். பெரியாழ்வாரோ யசோதைப்பிராட்டியின் நிலையில் நின்று கண்ணனைத் தாலாட்டுகிறார், நீராட்டுகிறார், பூச்சூட்டுகிறார். இவர்கள் நடுவே, வேறொருவர் நிலையை ஏறிட்டுக்கொள்ள வேண்டாதபடி பெண்ணாகவே பிறந்து பாடியவள் ஆண்டாள் ஒருத்தி. திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143, ஆக 173 பாசுரங்கள் அவளுடையவை. அவளும் திருவரங்கத்தே வந்து பெரிய பெருமாள் திருவடியில் கலந்தவள். அவளுடைய பாசுரங்களும் பகல்பத்தில் அரையர் வாயிலாகவே பெருமாளுக்கு விண்ணப்பம் செய்யப்படுகின்றன.

தோழி, தாய், மகள்

ஆடவராகிய ஆழ்வார்கள் பெண் நிலையை ஏன் அடைந்தனர்? இதற்கு நம் பூர்வர்கள் இரு வகையில் விடை கூறுவர். எம்பெருமான் ஒருவனே புருஷோத்தமன். மற்றுள்ள ஆத்மாக்கள் அனைத்தும் அவனுக்கே உரியவையாய், அவனையே பற்றி நிற்கும் பெண்மை உடையவை என்பது முதல் விடை. இது எல்லோரும் அறிந்தது.

இரண்டாவது விடை நுட்பமானது. ஆசார்ய ஹ்ருதயத்தில் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் இதனை விளக்கியருளுகிறார். தோழி, தாய், மகள் என்பன மூன்று வேறு பெண்கள் அல்லர். ஆழ்வாரின் ஒரே ஞானம் அடையும் மூன்று நிலைகள். எம்பெருமானுக்கும் ஆத்மாவுக்கும் உள்ள உறவை உணர்ந்திருக்கும் தெளிவு தோழி. அவனே உபாயம் என்று துணிந்து, அவன் வரவு பார்த்திருக்கும் உறுதி தாய். பேற்றை இப்போதே பெறவேண்டுமென்று துடிக்கும் பதற்றம் மகள். தெளிவும் உறுதியும் பதற்றமும் ஒரே உள்ளத்தில் ஒருங்கே இருக்கக்கூடுமோ எனின், கூடும். ஆனால் அவற்றை ஒருவர் வாயால் பேசினால் முரணாகத் தோன்றும். ஆதலால் மூவர் வாயாகப் பிரித்துப் பேசினர்.

திருவரங்கத்தைப் பற்றி நம்மாழ்வார் அருளிய ஏழாம் பத்தின் இரண்டாம் திருவாய்மொழி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இரவும் பகலும் உறக்கமின்றிக் கண்ணீர் பெருக்கும் மகளை மடியில் வைத்துக்கொண்டு, 'இவள் திறத்து என்ன செய்யத் திருவுள்ளம்?' என்னும் கருத்தில் தாய் அரங்கனையே நேர்நின்று கேட்கிறாள். தன் மகளுக்கு வழிகாட்டுவதற்கு உலகில் வேறு யாரையும் அவள் நாடவில்லை. பதறுகின்ற மகளும் ஆழ்வாரே. பதறாமல் பெருமாளைக் கேள்வி கேட்கும் தாயும் ஆழ்வாரே. இராப்பத்தில் நாளொன்றுக்கு ஒரு பத்தாக விண்ணப்பம் செய்யப்பெறுவதால், ஏழாம் திருநாளன்று இத்திருவாய்மொழி அமைகிறது. அன்று நம்மாழ்வார் பராங்குச நாயகியாக நாய்ச்சியார் திருக்கோலத்தில் எழுந்தருளுவதும், நம்பெருமாள் திருக்கைத்தல ஸேவை தந்தருளுவதும் அடியார்கள் கண்டு உருகும் காட்சிகள்.

முத்துக்குறி

அரையர் ஸேவையில் பெண்மொழி தன் சிகரத்தை எட்டுவது 'முத்துக்குறி' என்னும் பகுதியில். திருநெடுந்தாண்டகத்தின் பதினோராம் பாசுரம் இதற்கு அடிப்படை. பெருமாளிடம் நெஞ்சைப் பறிகொடுத்த பெண்ணொருத்தி பட்டுடுப்பாள், உடனே மயங்குவாள், விளையாட்டுப் பாவையை மறப்பாள், உறக்கம் கொள்ளாள், திருவரங்கம் எங்கே என்று வினவுவாள். நோய் இன்னதென்று அறியாத தாய், கட்டுவிச்சியை அழைத்துக் குறி கேட்கிறாள். இது செய்தவன் கடல்வண்ணனே என்று கட்டுவிச்சி உரைக்கிறாள். பாசுரத்தில் சில சொற்களில் அடங்கிய இச்செய்தியை அரையர்கள் விரித்து அபிநயிக்கின்றனர்.

அரையர் ஒருவரே மூவராகிறார். தாயாகும்போது குரலில் கவலை, மகளாகும்போது சோர்வு, கட்டுவிச்சியாகும்போது தன் தொழிலில் ஐயமற்ற ஒருத்தியின் மிடுக்கு. முத்துக்களைப் பரப்பி, எண்ணிப் பார்த்து, குறியின் நெறியைக் காட்டி, முடிவில் பெண்ணின் நோய்க்குக் காரணன் இவனே என்று பெருமாளைச் சுட்டும்போது, மண்டபத்திலுள்ளோர் அனைவரும் அத்திசை நோக்கித் தொழுவர். குறி கேட்டவளுக்குக் கிடைத்த விடை, அங்கே கூடியிருப்போர் எல்லோருக்கும் கிடைத்த விடையாகிவிடுகிறது.

இங்கே ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. இன்னது நோய், இன்னான் காரணன், இவனே மருந்து என்று காட்டுவது ஆசாரியனின் தொழில். அத்தொழிலை இங்கே செய்பவள் கட்டுவிச்சி. அவள் வேதம் ஓதியவள் அல்லள். உயர்குடிப் பிறந்தவளும் அல்லள். ஊர் ஊராய்த் திரியும் குறமகள். தாயும் அவளிடம் குலம் கேட்கவில்லை, உண்மையையே கேட்டாள். பெருமாள் திருமுன்பே, கோஷ்டியிலுள்ள பெரியோர் அனைவரும் செவிமடுத்திருக்க, உண்மையைச் சொல்லும் உரிமை அக்குறமகளுக்கு அளிக்கப்படுகிறது. திருமங்கையாழ்வார் தம் மடல்களிலும் இவ்வாறே மரபை மீறினார். பெண்கள் மடலூர்தல் கூடாது என்பது தொல்காப்பியம் முதலான தமிழ் நெறி. அதனை ஏற்காமல் பரகால நாயகி மடலூரத் துணிகிறாள். சிறிய திருமடலிலும் கட்டுவிச்சி வந்து குறி சொல்லுகிறாள்.

மற்றொரு நிகழ்ச்சியும் நினைவுகூரத்தக்கது. கண்ணன் பூச்சி காட்டி விளையாடும் பெரியாழ்வார் பதிகத்தை, எம்பெருமானார் எழுந்தருளியிருந்த கோஷ்டியில் அரையர் ஒருவர் அபிநயித்தார். அப்பதிகம் ஆயர்பாடிப் பெண்டிர் வாய்மொழி. குழந்தைகளை அச்சுறுத்துவார் செய்வதுபோல் கண்ணிமையை மடித்து அரையர் காட்டினார். பின்னே இருந்த எம்பார், தம் தோள்களருகே சங்கும் சக்கரமும் இருப்பதாகக் கைகாட்டினார். கண்ணன் அப்பெண்டிரை அச்சுறுத்தியது திருவாழியும் திருச்சங்கும் ஏந்திய நாற்றோளைக் காட்டியே என்பது கருத்து. அரையர் அவ்வண்ணமே மாற்றி அபிநயிக்க, எம்பெருமானார் திரும்பிப் பாராமலே அது எம்பாரின் செயலென்று உணர்ந்தார். ஒரு பெண்ணின் அச்சம் எத்தகையது என்பதை அறிய இரு பேரறிஞர்கள் இவ்வளவு நுணுகி முயன்றனர். பெண்மொழியைப் பேசுவது எளிதன்று. அதற்குள் புகுந்து அறிய வேண்டும் என்பதே இதன் பாடம்.

பெருமாளும் பெண்ணாகிறார்

பகல்பத்தின் பத்தாம் நாள் நம்பெருமாள் நாய்ச்சியார் திருக்கோலத்தில் எழுந்தருளுகிறார். மோகினி அலங்காரம் எனவும் இதனை வழங்குவர். அமுதம் பகிர்ந்தளிக்கக் கொண்ட திருவுருவம் அது. ஆழ்வார்கள் ஆணாய்ப் பிறந்தும் பெண் நிலையை அடைந்து பாடியதைப் பத்து நாளும் கேட்டருளிய பெருமாள், பத்தாம் நாளில் தாமே பெண் கோலம் பூண்கிறார். மறுநாள் ஏகாதசி, பரமபத வாசல் திறக்கும் நாள். வாசலைத் திறக்குமுன் பெண்ணாக நின்ற பெருமாளைச் சேவித்த பின்பே அடியார்கள் அதன் வழியே செல்கின்றனர்.

பெரிய பிராட்டியாரின் இடமும் இங்கே சொல்லத்தக்கது. ஸ்ரீரங்கநாய்ச்சியார் படிதாண்டாப் பத்தினி. தம் ஸந்நிதி வளாகத்தை விட்டு எழுந்தருளுவதில்லை. அதற்காக அவருக்கு விழா இல்லாமற் போகவில்லை. தாயார் ஸந்நிதியிலும் தனியே அத்யயனோத்ஸவம் நிகழ்கிறது. அருளிச்செயல் அங்கே பிராட்டியின் செவிக்கும் எட்டுகிறது. பங்குனியில் உறையூருக்கு எழுந்தருளிக் கமலவல்லி நாய்ச்சியாரோடு சேர்த்தி கண்டருளித் திரும்பும் நம்பெருமாளைப் பெரிய பிராட்டியார் கதவடைத்துத் தடுத்து நிறுத்துகிறார். இதுவே ப்ரணய கலஹம். பெருமாள் தரப்பும் பிராட்டி தரப்பும் மாறிமாறிப் படிக்கப்பெற, நம்மாழ்வார் நடுவே நின்று சமாதானம் செய்துவைத்தபின், பங்குனி உத்தரத்தன்று இருவரும் சேர்த்தியில் எழுந்தருளுகின்றனர். அந்தச் சேர்த்தியின் திருமுன்பே எம்பெருமானார் கத்யத்ரயத்தை விண்ணப்பம் செய்தருளினார். பெண்ணின் சினமும் நியாயமும் கேட்கப்பட்ட பின்னரே சரணாகதி அங்கே நிகழ்ந்தது என்பதை அடியார்கள் சிந்திக்க வேண்டும்.

கேட்டவர்களும் அறிந்தவர்களும்

அருளிச்செயலைப் பெண்டிர் அறியலாகாது என்னும் தடை நம் ஸம்ப்ரதாயத்தில் இல்லை. வடமொழி வேதத்துக்கு அதிகாரி நியமம் உண்டு. தமிழ் வேதமோ எல்லோருக்கும் உரியது என்பதே ஆசார்ய ஹ்ருதயத்தின் கொள்கை. குரு பரம்பரையை நோக்கின் இது விளங்கும்.

எம்பெருமானார் திருப்பாவையை ஓதிக்கொண்டே மாதுகரத்துக்கு எழுந்தருளினார். பெரிய நம்பியின் திருமாளிகை வாசலில் நிற்க, அவர் திருமகளார் அத்துழாய் கதவைத் திறந்தார். அவரை நப்பின்னைப் பிராட்டியாகவே கண்டு எம்பெருமானார் மயங்கி விழுந்தார் என்று ஒரு வரலாறு வழங்குகிறது. அந்த அத்துழாயே, பின்னாளில் சோழன் அவையில் கண்களை இழந்த தந்தைக்குத் துணையாக உடனிருந்தவர். உறையூர்ப் பிள்ளை உறங்காவில்லிதாஸரின் தேவிமார் பொன்னாச்சியார், அரங்கனின் திருக்கண்ணழகுக்கு ஆட்பட்ட கணவரோடு திருவரங்கத்தில் குடியேறி, எம்பெருமானாரின் உள்ளம் உகந்த சிஷ்யையானார். கூரத்தாழ்வானின் தேவிமார் ஆண்டாளின் ஞானமும் வைராக்யமும் பலரும் அறிந்தவை. திருக்கோளூரை விட்டு வெளியேறிய ஒரு பெண்பிள்ளை, 81 அடியார்களின் செயல்களைச் சொல்லி, 'அவர்போல் நான் செய்தேனோ?' என்னும் கருத்தில் எம்பெருமானாரிடம் விண்ணப்பம் செய்தாள். அவளுடைய சொற்கள் இன்று பெரியோர் பொருள் விரிக்கும் ரஹஸ்யமாக விளங்குகின்றன. இவர்கள் எல்லோரும் கேட்டவர்கள், கேட்டதை அறிந்தவர்கள், அறிந்தபடி நடந்தவர்கள்.

எம்பெருமானடியார்

ஆயினும் 'பெண்டிர் கேட்டனர், அறிந்தனர். பெருமாள் திருமுன்பே நின்று நிகழ்த்தினரோ?' எனின், நிகழ்த்தினர் என்பதே வரலாறு. 'எம்பெருமானடியார்' எனப் பெயர்பெற்ற பெண்டிர் பெரிய கோயிலில் ஆடல் பாடல் கைங்கர்யம் செய்துவந்தனர். கோயிலொழுகும் அவர்களைக் கைங்கர்யபரர்களாகக் குறிக்கிறது. முஸ்லிம் படையெடுப்பால் 1323இல் நம்பெருமாள் திருவரங்கத்தை விட்டு எழுந்தருளி, 1371இல் மீண்டருளிய நெடிய துயரக் காலத்தில், வெள்ளையம்மாள் என்னும் அடியாள் பகைவர் தலைவனைக் கிழக்குக் கோபுரத்தின் மேலே அழைத்துச் சென்று கீழே தள்ளித் தானும் உயிர்நீத்தாள் என்பது செவிவழி வரலாறு. வெள்ளை கோபுரம் என்னும் பெயர் அவளை நினைவூட்டுகிறது என்பர்.

கைசிக ஏகாதசியன்று இங்கே நம்பெருமாளுக்கு 365 வஸ்திரங்கள் சாற்றப்பெற்று, பட்டர் ஸ்வாமி கைசிக புராணம் வாசிக்கிறார். அதே நாளில் திருக்குறுங்குடியில் அழகிய நம்பியின் திருமுன்பே அக்கதை நாடகமாக நிகழ்த்தப்பட்டது. நம்பாடுவானாகவும் ப்ரஹ்மராக்ஷஸனாகவும் அங்கே நடித்தவர் கோயிற் பெண்டிர். இங்கே ஆடவர் பெண்மொழி பேச, அங்கே பெண்டிர் ஆண்மொழி பேசினர். இரண்டையும் ஒரே ஸம்ப்ரதாயம் ஏற்றுக்கொண்டிருந்தது.

காலப்போக்கில் பொட்டுக்கட்டும் வழக்கம் பெண்களின் வாழ்வைக் கெடுக்கும் தீங்காயிற்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முதலியோரின் நெடிய முயற்சியால் 1947இல் சென்னை மாகாணத்தில் அது சட்டத்தால் தடுக்கப்பட்டது. சிறுமியரின் வாழ்வு காக்கப்பட்டது நல்லதே. அவ்வழக்கம் மீள வேண்டுமென்று நல்லோர் எவரும் கருதார். ஆனால் தீங்கை நீக்கியவர்களும் சரி, கோயில்களை நிர்வகித்தவர்களும் சரி, பெண்டிர் செய்துவந்த கைங்கர்யத்துக்கு மாற்றாக யாதொன்றையும் ஏற்படுத்தவில்லை. வழக்கத்தோடு கைங்கர்யமும் போயிற்று. திருக்குறுங்குடி நாடகம் தேய்ந்து மறைந்தது. நெடுங்காலத்துக்குப் பின், 1999இல் நடனக் கலைஞர் அனிதா ரத்னமும் நாடகப் பேராசிரியர் சே. இராமானுஜமும் முயன்று, பழைய மரபை அறிந்தோரிடம் கேட்டறிந்து, அதனை மீட்டு அரங்கேற்றினர். முதன்மைப் பாத்திரங்களை மீண்டும் பெண்டிரே ஏற்றனர். பொட்டுக்கட்டாமலே கைங்கர்யம் செய்ய முடியும் என்பதற்கு இதுவே சான்று.

வினாவுக்கு விடை

இனித் தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். அரையர் கோஷ்டியில் பெண்டிர் இல்லாமைக்கு, 'ஆத்மாக்கள் எல்லாம் பெண்மையுடையவை. ஆதலால் ஆடவர் பேசினாலும் பெண் பேசியதே' என்று சிலர் விடை கூறுவர். தத்துவ அளவில் இது உண்மை. ஆயினும் இது அவ்வினாவுக்கு விடையாகாது. எல்லா ஆத்மாக்களும் பெண்மையுடையவை என்னும் கொள்கையால் ஆடவர் பெண்மொழி பேசும் தகுதி பெறுவர் என்று காட்டலாம். உடம்பாலும் பெண்ணாயிருப்பவள் தகுதியற்றவள் என்று காட்ட இயலாது. ஆண்டாளின் வரலாறே அதற்கு மறுப்பு.

உண்மையான காரணம் வேறு. அரையர் கைங்கர்யம் வழிவழி உரிமையாக வருவது. நான்கு வேதமும் நாலாயிரமும் கற்ற ஆடவரும், அவ்வுரிமைக் குடும்பத்தவர் அல்லராயின், அக்குல்லாய் அணிய முடியாது. அர்ச்சகரும் ஸ்தலத்தாரும் அத்யாபகரும் தத்தம் எல்லையிலேயே நிற்கின்றனர். எனவே இது பெண்டிர்க்கு என்று தனியே வகுத்த தடை அன்று. கோயிலின் உரிமை ஒழுங்கு. அவ்வொழுங்கு ஆடவர் வழியாகவே வந்தது என்பதும் மறைக்கத்தக்கதன்று. இது ஆசார மரபு, பாசுரத்தின் விதியன்று. இவ்விரண்டையும் வேறாக அறிந்துகொள்வோர் மரபையும் மதிப்பர். பாசுரத்தின் பெயரால் பெண்டிரைத் தாழ்த்தவும் மாட்டார்.

வேறொரு கவலை இதனினும் பெரிது. அரையர் ஸேவை நிகழும் தலங்கள் மிகச் சில. உரிமையுடைய குடும்பங்களும் மிகச் சில. பல ஆண்டுகள் பயின்றாலன்றி இக்கலை வாய்க்காது. ஒரு தலைமுறையில் கற்பார் இல்லையெனின், ஓலையும் ஏடும் இருந்தும் பயனில்லை. இசையும் முத்திரையும் ஏட்டில் ஏறா. ஒருகால் மறைந்த அருளிச்செயலை மீட்க நாதமுனிகள் தோன்றினார். இன்னொரு முறை அவ்வாறு நேர விடலாகாது. பெண்டிர் பங்கு இங்கேதான் இன்றியமையாததாகிறது.

திருப்பாவையை இதற்கு நிகராகக் காட்டலாம். அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் பண்ணமைத்துத் தந்த திருப்பாவையை எம். எல். வசந்தகுமாரி பாடிப் பரப்பினார். இன்று மார்கழி விடியலில் தமிழகத்தின் தெருக்களிலும் வீடுகளிலும் அதனைப் பாடுவோருள் பெரும்பாலோர் பெண்டிரே. கோயில் கோஷ்டியின் ஒழுங்கு இதனால் சிறிதும் குலையவில்லை. கேட்போர் தொகை பெருகிற்று. திருவாய்மொழி வழிபாட்டில் பெற்றுள்ள இடத்தைப் பற்றி வஸுதா நாராயணன் 1994இல் ஆங்கிலத்தில் ஆய்வு நூல் வெளியிட்டார். அர்ச்சனா வெங்கடேசன் ஆழ்வார் அருளிச்செயலை ஆங்கிலத்தில் பெயர்த்ததோடு, ஆழ்வார்திருநகரி அத்யயனோத்ஸவத்தையும் ஆராய்ந்துள்ளார். கோஷ்டிக்கு வெளியே நின்ற பெண்டிர் செய்த கைங்கர்யம் இது. நிகழ்வதைக் கூர்ந்து கேட்டு, பொருள் உணர்ந்து, பிறர்க்கு உரைப்பதும் கைங்கர்யமே.

யாத்திரிகர்கள் கவனத்துக்கு

இவ்வுத்ஸவத்தைச் சேவிக்க வந்துள்ள அடியார்கள், குறிப்பாகத் தாய்மார்கள், வாசல் திறப்போடு நின்றுவிடாமல் அரையர் ஸேவைக்கும் ஒரு பொழுதை ஒதுக்க வேண்டும். திருநெடுந்தாண்டகத்தின் 30 பாசுரங்களையும் முன்னரே ஒருமுறை பொருளோடு படித்து வருவது நலம். தாய் பேசும் இடம் எது, மகள் பேசும் இடம் எது என்று தெரிந்து கேட்டால், அரையரின் குரலும் கையும் மாறும் இடங்கள் தாமே விளங்கும். முத்துக்குறியின்போது குழந்தைகளை முன்னே அமர்த்திக் காட்டுங்கள். புரியாத சொல்லை உடனிருக்கும் பெரியோரிடம் பணிவோடு கேளுங்கள். கேட்போரைக் கண்டு மகிழாத அறிஞர் இல்லை. வீடு திரும்பியபின் நாளுக்கு ஒரு பாசுரமாகத் திருநெடுந்தாண்டகத்தை மகனுக்கும் மகளுக்கும் சேர்த்தே கற்பியுங்கள்.

தாயின் கவலையையும், மகளின் ஏக்கத்தையும், கட்டுவிச்சியின் துணிவையும் செவிசாய்த்துக் கேட்பதற்கென்றே நம்பெருமாள் ஆண்டுதோறும் மண்டபத்துக்கு எழுந்தருளுகிறார். அவர் கேட்டருளும் அம்மொழியைப் பிறப்பாலேயே தம்முடையதாகப் பெற்றவர்கள், அதன் பொருளை அறியாமல் ஓரத்தில் நிற்கும் நிலை நீங்க வேண்டும். அதற்கு ஸ்ரீரங்கநாய்ச்சியார் ஸமேத நம்பெருமாளின் திருவருள் முன்னிற்பதாகுக.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.